திருப்பூரில் கைது விவரம் தேடுவது எப்படி: காவல்துறைத் தளம், இ-கோர்ட்ஸ், தனியார் அறிக்கை குறித்து ஒரு மதிப்புரை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, சனிக்கிழமைச் சம்பளம் ஆகிய மூன்றும் பதினான்கு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. அந்த மேசைக்கு இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெளியூரிலிருந்து வந்த பெற்றோர், "பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், எந்த ஸ்டேஷன் என்று தெரியவில்லை" என்று கேட்பார்கள். முதலாளியோ, புதிதாகச் சேரவிருக்கும் ஆளின் தாளை நீட்டி, "இவன் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். இரண்டுக்கும் விடை தேடப் போகும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், முதற்கேள்விக்கு உதவும் அந்தப் பதிவுகளே இரண்டாவது கேள்விக்கு விடையாகும்போது ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடும் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆகவே, பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளம், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் சேவை, காவல் நிலையத்தின் அறிவிப்புப் பலகை, பணம் வாங்கிக்கொண்டு 'பின்னணிச் சரிபார்ப்பு' செய்து தரும் தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றில் எது எதற்குப் பயன்படுகிறது என்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் புகைப்படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தேடுவது அதைத்தான். டெக்சாஸில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒருமுறை, தான் குடியிருக்கும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிறை இணையதளத்தைத் திறந்து காட்டினான். முந்தைய நாள் இரவு கைதானவர்களின் பெயர், வயது, குற்றப் பிரிவு, ஜாமீன் தொகை ஆகியவற்றோடு, சிறைக்குள் சேர்க்கும்போது எடுத்த படமும் அதில் வரிசையாக இருந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவை பொது ஆவணங்களாகக் கருதப்படுகின்றன. அந்தப் படங்களை அள்ளிக்கொண்டு போய்த் தனி இணையதளங்களில் போட்டுவிட்டு, நீக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும் வியாபாரமும் அங்கே தோன்றியது. ஜார்ஜியா மாநிலம் 2013இலும் கலிபோர்னியா 2014இலும் அதைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அப்படியொரு பட வரிசை கிடையாது. கைதானவரின் படம், கைரேகை போன்றவற்றை எடுக்கும் அதிகாரம் 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தின் கீழ் இருந்தது. இப்போது அது குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 2022 என்ற பெயரில் விரிவாகியிருக்கிறது. அச்சட்டப்படி தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்றாலும், அவை விசாரணைக்கும் வழக்குக்கும் உரியவை, ஊருக்குக் காட்டுவதற்கு உரியவை அல்ல. முன்பு தண்டனை பெற்றிராத ஒருவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிட்டாலொழிய, அவருடைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கில் அடையாள அணிவகுப்பு, அதாவது பலரை வரிசையாக நிறுத்தி அவர்களில் குற்றவாளி யார் என்று சாட்சியைக் காட்டச் சொல்வது, நடத்த வேண்டியிருக்கும்போது, சாட்சி அதற்கு முன்பே அந்த முகத்தைச் செய்தித்தாளிலோ கைப்பேசியிலோ பார்த்துவிட்டால், அவர் சொல்லும் அடையாளத்தின் மதிப்பே போய்விடும். பிடிபட்டவர்களைச் சில நேரம் முகத்தை மூடிக் கூட்டிச் செல்வது அதனால்தான். கைதானவர்களை ஊடகங்களின் முன் வரிசையாக நிறுத்திக் காட்டக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறது. இருந்தும் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில், மேசையில் பரப்பி வைத்த கைப்பேசிகளுக்குப் பின்னால் தலை குனிந்து நிற்கும் பையன்களின் படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தப் படங்களை ஆவணமாக எடுத்துக்கொண்டு எந்த முடிவும் செய்யாதீர்கள் என்று எங்கள் மேற்பார்வையாளர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் தேதி இருக்காது, குற்ற எண் இருக்காது, வழக்கு என்ன ஆயிற்று என்பதும் இருக்காது.

இனி, உண்மையாகவே பயன்படும் வழிகளுக்கு வருகிறேன்.

காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கும் வசதி, புகாருக்குக் கொடுக்கப்படும் சி.எஸ்.ஆர். ரசீதின் நிலையை அறியும் வசதி, தொலைந்த ஆவணங்களுக்கு அறிக்கை பெறும் வசதி, வேலைக்கும் வீட்டு வாடகைக்கும் காவல் சரிபார்ப்பு கோரும் வசதி முதலியவை ஓரிடத்தில் இருக்கின்றன. இவற்றில் முதல் தகவல் அறிக்கை பொதுவெளிக்கு வந்ததற்கு ஒரு தீர்ப்புதான் காரணம். இந்திய இளைஞர் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7ஆம் தேதி, எல்லா மாநிலக் காவல்துறைகளும் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றும், இணைய இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களுக்கு மட்டும் அதிகபட்சம் 72 மணி நேரம் வரை போகலாம் என்றும் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், பயங்கரவாதம் தொடர்பானவை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை முடிவு செய்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த விலக்கைக் காட்டி அறிக்கையின் நகல் மறுக்கப்பட்டவர் மாவட்டக் கண்காணிப்பாளரிடமோ, மாநகரமாக இருந்தால் ஆணையரிடமோ விண்ணப்பிக்கலாம். இதைப் பலர் அறியாமல், "சைட்டில் இல்லை, ஆகவே கேஸ் இல்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு.

தேடும் முறை எளிது. மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்துத் தேட வேண்டும். அந்த எண்ணைத்தான் நீதிமன்றத்திலும் ஸ்டேஷனிலும் 'குற்ற எண்' என்கிறார்கள். ஆனால் நம் பகுதிக்காரர்கள் முதலில் தடுமாறுவது எண்ணில் அன்று, மாவட்டத்தில். திருப்பூர் மாநகரத்துக்குக் காவல் ஆணையர், மற்றப் பகுதிகளுக்கு மாவட்டக் கண்காணிப்பாளர் என்று நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர் ஆகியவை மாவட்டக் காவலுக்குள் வருபவை. பெருமாநல்லூரில் பிடிபட்டவனுக்கு மாநகரப் பட்டியலில் தேடினால் ஆண்டு முழுவதும் தேடினாலும் கிடைக்காது. கோவையிலும் இதே பிரிவு உண்டு. இதற்கு மேல் மகளிர் காவல் நிலையம், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, சைபர் குற்றப் பிரிவு, இருப்புப்பாதைக் காவல் ஆகியவை தத்தமக்கென்று தனியாகக் குற்ற எண் போடுகின்றன. ரயில் நிலைய நடைமேடையில் நடந்த சண்டைக்கு ஊர் ஸ்டேஷனில் போய் நின்று பயனில்லை.

அறிக்கை திறந்தவுடன் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். படிவத்தில் 15 இனங்கள் இருக்கின்றன. இரண்டாவது இனத்தில் சட்டப் பிரிவுகளும், ஏழாவதில் குற்றம் சாட்டப்பட்டவர் பற்றிய விவரமும், பன்னிரண்டாவதில் புகாரின் சாரமும், பதினைந்தாவதில் அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளும் நேரமும் இருக்கும். ஏழாவது இனத்தில் ஒருவரின் பெயர் இருந்தால் அவர் கைதாகிவிட்டார் என்று பொருளில்லை. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டிலேயே அர்னேஷ் குமார் வழக்கில் கூறியிருக்கிறது. அத்தகைய வழக்குகளில் நேரில் ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுத்து அனுப்பிவிடுவதே வழக்கம். மறுதலையாக, ஏழாவது இனத்தில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று மட்டும் இருந்து, பல நாள் கழித்து விசாரணையில் ஒருவர் கைதாவதும் உண்டு. முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு. அதைக் கைதுப் பதிவாகப் படிப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய பிழை.

கைதுக்கென்றே ஒரு பதிவு சட்டத்தில் இருக்கிறது. அது இணையத்தைவிடப் பழையது. 1996 டிசம்பர் 18ஆம் தேதி டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறைகளில், கைதின் நேரத்தையும் நாளையும் குறித்துக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தினரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய் அங்குள்ள பலகையில் ஏற வேண்டும் என்பன இருந்தன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழான ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரித்து, நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்ட வேண்டும். மின்னணு முறையிலும் காட்டலாம். 48ஆவது பிரிவு, கைது செய்தவரே உறவினருக்கோ, கைதானவர் சொல்லும் வேறொருவருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது.

இந்தப் பிரிவுகள் எனக்கு மனப்பாடமாகத் தெரிவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணம். எங்கள் செக்கிங் பகுதியில் உதவியாளாக இருந்த இருபது வயதுப் பையன், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவன், இரவு அறைக்குத் திரும்பவில்லை. ஒரு கைப்பேசிக் கடை வாசலில் தகராறு நடந்தது என்றும், போலீஸ் வண்டி வந்தது என்றும் அறைத் தோழர்கள் அவன் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தியூர்ப் பக்கமிருந்து அவன் அம்மா முதல் பஸ் பிடித்து, காலை எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் பையனின் ரேஷன் கார்டு நகலும் ஒரு டிபன் டப்பாவும். "சாமி, எம் பையனெ எங்கீங்க வெச்சிருக்கறாங்க? சோறு உண்டானா இல்லீங்களா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடையில்லை.

முதல் நிலையத்தில் இல்லை என்றார்கள். இரண்டாவது நிலையத்தின் முகப்பில் கைதானவர்கள் விவரப் பலகை ஒன்று இருந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் வரிசை எண், பெயர், முகவரி, குற்ற எண், பிரிவு என்று கட்டங்கள் அழகாகப் போடப்பட்டிருந்தன. கட்டங்களுக்குள் சாக்பீஸில் எழுதியிருந்த கடைசிப் பெயருக்கு எதிரில் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. ஆகவே அங்கும் இல்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டு வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது நிலையத்திலும் இல்லை என்றான பிறகுதான் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் பேசினேன். பையனின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர் மூன்றையும் கேட்டுக்கொண்ட பெண் காவலர், சில நிமிடத்தில், நாங்கள் பலகையைப் பார்த்துத் திரும்பிய அதே இரண்டாவது நிலையத்தின் பெயரைச் சொன்னார். ஒரு பெயரைச் சாக்பீஸில் எழுதியிருந்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். திரும்பிப் போய்க் கேட்டபோது, கைதுக் குறிப்பாணையில் சாட்சிக் கையெழுத்து இருந்தது. அந்த ஆள் யார் என்று பையனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. வீட்டுக்குத் தெரிவித்ததாக ஒரு கைப்பேசி எண் எழுதியிருந்தது. அது அவன் கையிலிருந்து பறிமுதலான கைப்பேசியின் எண்ணேதான்.

அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று முதல் சில மணி நேரத்தில் அறிவதற்கு இணையத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறையை அழைப்பதே விரைவான வழி. அவசர எண் 112 எல்லா இடத்திலும் இயங்குகிறது. பெயரை மட்டும் சொல்லாமல் தந்தை பெயரையும் சொந்த ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைது செய்த இடத்திலிருந்து நீதிமன்றம் போய்ச் சேரும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு. ஆகவே தேடுவதற்கு நமக்கு இருக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் ஒரு வழக்கறிஞர் வேண்டும். கையில் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். அந்தப் பையனுக்கும் ரிமாண்ட் நேரத்தில் இலவச வழக்கறிஞர்தான் ஆஜரானார், நன்றாகவே பேசினார்.

முதல் தகவல் அறிக்கை திங்கட்கிழமை மாலை தளத்தில் வந்துவிட்டது. அலுவலகப் பிரின்டரில் எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். ஏழாவது இனத்தில் அவன் மூன்றாவது பெயராக இருந்தான். அடித்தவன் என்று புகாரில் சொல்லப்பட்டவன் முதல் பெயருக்குரியவன். இவன் உடன் நின்றவன். 'கொலை முயற்சி' என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்ததற்கும் அறிக்கையில் இருந்த பிரிவுகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தபோதுதான் அவர் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு அரசு இணையதளம் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி செய்ய முடியாது என்று நான் நினைக்கிறேன். அந்த ஒரு வசதிக்காகவே காவல்துறைத் தளத்தை மனதாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது வேலைக்கு வருபவர் மேல் வழக்கு உண்டா என்பதற்கு, கம்பெனிகள் பெரும்பாலும் தனியார் சரிபார்ப்பு நிறுவனங்களிடம் கொடுக்கின்றன. ஒரு பெயருக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று நாளில் வண்ண அட்டை போட்ட அறிக்கை தருகிறார்கள். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நாங்கள் தேர்வு செய்திருந்த ஒருவருக்கு அப்படி வந்த அறிக்கையில் சிவப்பு எழுத்தில் 'குற்ற வழக்கு உள்ளது' என்று இருந்தது. அவரை அழைத்துக் கேட்டேன். நாற்பது வயது மனிதர், முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, போன கம்பெனியிலும் இதையேதான் சொல்லி வேண்டாம்னுட்டாங்க. நான் கோர்ட் வாசப்படி மிதிச்சதே இல்லீங்க" என்றார். அதன் பிறகே அந்த அறிக்கையை நான் வரி வரியாகப் படித்தேன். ஆதாரம் என்ற இடத்தில் ஒரு நீதிமன்ற வழக்கு எண் மட்டும் இருந்தது.

இங்கேதான் இ-கோர்ட்ஸ் சேவையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிகின்றன. நாடெங்கும் உள்ள மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களின் வழக்குகளை அங்கே வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரிந்தால் வேறு எதுவும் தேவையில்லை, அடுத்த வாய்தா தேதி வரை ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஆனால் கட்சிக்காரர் பெயர் வழியாகத் தேடுவது நம் பகுதிக்கு மிகவும் ஆபத்தானது. செந்தில்குமார் என்றே வைத்துக்கொள்வோம் (உண்மைப் பெயர் அதுவன்று). அந்தப் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள், சேர்த்தும் எழுதுகிறார்கள், பிரித்தும் எழுதுகிறார்கள். ஒரு விதத்தில் தேடினால் மற்ற மூன்றும் தப்பிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் முதலெழுத்து. தந்தை கருப்பசாமியானாலும் கந்தசாமியானாலும் குழந்தைசாமியானாலும் மகனுக்கு ஆங்கிலத்தில் ஒரே 'கே'தான். ஒரு தாலுகாவுக்குள்ளேயே கே. செந்தில்குமார்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கொங்கு நாட்டில் வாக்காளர் பட்டியலைப் புரட்டிய எவருக்கும் தெரியும். குடும்பப் பெயர் வைத்து ஆளைப் பிரித்தறியும் வடநாட்டு வழக்கத்தை மனத்தில் கொண்டு தேடுபவர்களுக்கு இது புரிவதில்லை.

நான் செய்தது இதுதான். அறிக்கையில் இருந்த வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டுத் திறந்தேன். வழக்கு விவரப் பக்கத்தில் காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு மூன்றும் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு காவல்துறைத் தளத்துக்குப் போய் முதல் தகவல் அறிக்கையைத் திறந்து ஏழாவது இனத்தைப் பார்த்தேன். அங்கே தந்தை பெயர் கந்தசாமி, ஊர் வேறு தாலுகா, வயதில் பதினோரு ஆண்டு வித்தியாசம். என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தந்தை கருப்பசாமி. ஆதார் அட்டையிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிலும் அதுவே இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது, ஒரு பைசா செலவில்லை. பணம் வாங்கிய நிறுவனம் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "பெயர் பொருந்தியது, அதைச் சொல்லியிருக்கிறோம், முடிவு எடுப்பது உங்கள் கம்பெனி" என்றார்கள். திருத்திய அறிக்கை கேட்டதற்குப் புதிதாகக் கட்டணம் கேட்டார்கள். போன கம்பெனியில் அந்த மனிதர் இழந்த வேலைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அவரை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டோம். அந்த நிறுவனத்தோடு எங்கள் கணக்கு முடிந்தது.

வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். எஸ்.டி.சி. என்றிருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி அபராதம் கட்டியதுகூட அதில் வரும். அதையும் கொள்ளை வழக்கையும் ஒரே சிவப்பு எழுத்தில் 'குற்ற வழக்கு' என்று அச்சிடுவது நியாயமில்லை. குற்றப்பத்திரிகை நீதிமன்றக் கோப்பில் ஏறி எண்ணாகும் வரை பிரதான வழக்கு எண் கிடைக்காது என்பதால், இ-கோர்ட்ஸில் இல்லை என்பதைக் கொண்டு ஒருவர் மேல் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உண்மையாகவே ஒருவரைப் பற்றி அறிய வேண்டிய தேவை இருந்தால், உதாரணமாகக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநருக்கோ பெண்கள் விடுதிக் காவலாளிக்கோ, காவல்துறைத் தளத்திலேயே கட்டணம் கட்டிக் காவல் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பதே சரியான வழி. துறையே தன் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சொல்லும். சில நாள் ஆகும்தான். அதுவரை பொறுப்பதில் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது.

பதினெட்டு வயது நிறையாதவர்கள் விஷயத்தில் இந்தத் தேடல் எதுவுமே கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தையின், அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறாரின், பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி எந்த விவரத்தையுமோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழுவில் வந்த படத்தை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

காவல்துறைத் தளத்தில் எனக்கு ஒரு குறை உண்டு, அது எந்த ஊழியரையும் சேர்ந்த குறையன்று. முதல் தகவல் அறிக்கை திறக்கும்போது, அந்த வழக்கு பின்னர் என்ன ஆனது என்பதும் அதே பக்கத்தில் தெரிய வேண்டும். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா, விடுதலையா, தண்டனையா என்று ஒரு வரி போதும். நான் செய்ததுபோல இரண்டு தளங்களுக்கும் நடந்து நடந்து பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இராது, முதலாளிகளுக்கு நிச்சயமாக இராது. விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2024 பிப்ரவரியில் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பெயரை மறைப்பதா வேண்டாமா என்பது பெரிய நீதிமன்றங்கள் பேச வேண்டிய பேச்சு. முடிவு என்ன என்று ஒரு வரி சேர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

செக்கிங் பகுதிப் பையன் ஜாமீனில் வந்து மறுபடி எங்களிடமே வேலைக்குச் சேர்ந்தான். ஒன்றரை ஆண்டு வாய்தாவுக்குப் போய் வந்தான். ஒவ்வொரு முறையும் முந்தைய மாலையில் என் மேசைக்கு வந்து, "சார், நாளைக்கு இருக்குதுங்களா, தள்ளிப் போயிருச்சுங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்பான். நான் இ-கோர்ட்ஸில் பார்த்துச் சொல்வேன். அதனால் வீணாகப் போகவிருந்த அரை நாள் சம்பளம் சில தடவை மிச்சமாயிற்று. கடைசியில் மூன்று பேரும் விடுதலையானார்கள். வழக்கு முடிந்ததாகக் காட்டும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னான். கொடுத்தேன். மறுநாள் அதைப் பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள கடையில் லேமினேஷன் போட்டு, பர்ஸுக்குள் அடங்கும்படி சிறியதாக மடித்து ஒட்டச் சொன்னதாகவும், கடைக்காரர் லேமினேஷன் போட்ட பிறகு மடிக்க முடியாது என்றதால் நகலைச் சிறிதாக்கி ஆதார் அட்டை அளவில் இன்னொன்று போட்டு வாங்கியதாகவும் சொன்னான். பெரியதை அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டான். சிறியது இப்போதும் ஆதார் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. எழுத்து மிகவும் பொடியாக இருந்தாலும் சி.என்.ஆர். எண்ணை மட்டும் படிக்க முடிகிறது.